எம்.எல்.ஏ. தபால்காரர் அல்ல

(ஸ்ரீரங்கத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மனு என்ற சொல்லை எடுத்தாலே மேடையில் ஏறுகிறவர்கள் சோழன், மணி, பசு, கன்று என்று ஆரம்பிப்பது வழக்கம். நான் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. வருவாய்த் துறையில் வேறு மாவட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மனு எழுதிக் கொடுப்பது எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். கொடுத்த பிறகு அந்தத் தாள் எங்கெல்லாம் போகிறது என்பது எனக்குத் தெரியும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தநல்லூர் பக்கம் ஒரு கிராமத்தில் பாசன வாய்க்காலை யாரோ ஆக்கிரமித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் வேனில் ஏறி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போகிறார்கள். ஒரு சால்வை, ஒரு மனு, ஒரு போட்டோ. அவர் மனுவை வாங்கி பி.ஏ. கையில் கொடுக்கிறார். மறுநாள் லெட்டர்பேடில், மனுதாரரின் கோரிக்கை மீது ஆவன செய்யுமாறு இரண்டு வரி தட்டச்சாகி, கையெழுத்தோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே தபால் பிரிவில் ஒரு எண் விழுகிறது. பிறகு கோட்டாட்சியர், அவரிடமிருந்து வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கடைசியாக கிராம நிர்வாக அலுவலர். அவர் எழுதும் அறிக்கை இறங்கிய படிகளிலேயே மறுபடி மேலே ஏறுகிறது.

இதே மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் நேரில் கொடுத்திருந்தாலும் இதே வி.ஏ.ஓ.விடம்தான் வந்து சேர்ந்திருக்கும். 1100 என்ற எண்ணுக்குப் போன் செய்து முதல்வரின் முகவரித் துறையில் பதிந்திருந்தாலும் அப்படியே. அப்படியானால் நடுவில் எம்.எல்.ஏ. சேர்த்தது என்ன? ஒரு தாள்.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. நாம் அவரிடம் கேட்டதே அவ்வளவுதான். சட்டமன்றத்தில் அமைச்சரை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமை மாநிலத்தின் 234 உறுப்பினர்களில் அமைச்சர் அல்லாதவர்களுக்குத்தான் உண்டு. அதில் ஒருவரைப் பிடித்து, நம் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரர் வேலையைத் தருகிறோம். அவருக்கும் அது வசதிதான். சால்வை கிடைக்கிறது, கையெழுத்துப் போட்டால் கடமை முடிகிறது. அதிகாரி செய்யக்கூடியதை அதிகாரியிடம் கேளுங்கள். மக்கள் பிரதிநிதியிடம், அவர் மட்டுமே செய்யக்கூடியதைக் கேளுங்கள். இதைத்தான் இன்று பல விதமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் யாரிடம் போவது என்ற சங்கதி. திருச்சியில் இது நினைப்பதைவிடக் குழப்பமானது. திருச்சி மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: ஸ்ரீரங்கம், திருச்சி மேற்கு, திருச்சி கிழக்கு, திருவெறும்பூர், அப்புறம் கந்தர்வக்கோட்டை, புதுக்கோட்டை. கடைசி இரண்டும் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பவை. ஆனால் இங்கிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி நெ.1 டோல்கேட்டில் வீடு கட்டிப் போனவர் பெரம்பலூர் மக்களவைத் தொகுதிக்காரர். லால்குடியும் முசிறியும் துறையூரும் அப்படித்தான். மணப்பாறை கரூரோடு போகிறது. ஸ்ரீரங்கம் சட்டமன்றத் தொகுதி என்றால் இந்தத் தீவு மட்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். காவிரிக்குத் தெற்கே மணிகண்டம், அந்தநல்லூர் வட்டார கிராமங்களும் அதில்தான் இருக்கின்றன. ஓட்டை எண்ணினால் கோபுரத்தடியில் இருப்பவர்கள் மட்டும் இந்தத் தொகுதியை முடிவு செய்வதில்லை. மனுவோடு போகும்போது இதை மனதில் வையுங்கள்.

அடுத்து, எந்தச் சாலை யாருடையது. மாம்பழச் சாலையையும் சிந்தாமணியையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976-இல் திறந்தது. 2022-23-இல் பழுதுபார்ப்புக்காக அதை மூடியபோது நாம் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். அது மாநில நெடுஞ்சாலைத் துறையின் பாலம். அதற்குக் கேள்வி எழ வேண்டிய இடம் சட்டமன்றம். 2024 ஜனவரியில் பொன்மலை ஜி கார்னர் ரயில்வே மேம்பாலத்தில் தடுப்புச் சுவர் சேதமடைந்து, சென்னை–மதுரை போக்குவரத்தையே திருப்பிவிட்டார்கள். அது தேசிய நெடுஞ்சாலை. கேள்வி எழ வேண்டிய இடம் நாடாளுமன்றம். இரண்டும் ஒரே ஊரில் சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. சாலையில் போகிறவருக்கு இரண்டும் பாலம். மனு எழுதுகிறவருக்கு ஒன்று சென்னை, ஒன்று டெல்லி.

சாக்கடை, குப்பை, தெருவிளக்கு மாநகராட்சியின் வேலை. 1994-இல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளைச் சேர்த்துத்தான் திருச்சி மாநகராட்சியானது. இன்று 65 வார்டுகள். ஆனால் 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி வரை நமக்குக் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலர் நிர்வாகம். அந்த ஐந்து ஆண்டுகளில் ஊருக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. அடைத்த சாக்கடைக்கும் எம்.எல்.ஏ., எரியாத விளக்குக்கும் எம்.எல்.ஏ. கவுன்சிலர்கள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2022 நவம்பர் 1-ஆம் தேதி நகரங்களில் பகுதி சபைகளைக் கூட்டத் தொடங்கினார்கள். கிராமசபை மாதிரி, வார்டுக்குள் ஒரு பகுதியின் வாக்காளர்கள் உட்கார்ந்து பேசும் சபை அது. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் போனீர்கள்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். (சிரிப்பு)

இனி ஸ்ரீரங்கத்துக்கே உரிய ஒரு வேடிக்கை. 2011-இல் ஜெயலலிதா இங்கே நின்று வென்று முதல்வரானார். முதல்வர் தொகுதி என்று மூன்று வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். நவலூர் குட்டப்பட்டுக்குச் சட்டப் பல்கலைக்கழகம் வந்தது. பஞ்சக்கரையில் யாத்ரி நிவாஸ் வந்தது. சந்தேகமில்லை, வந்தன. ஆனால் அந்த மூன்று வருஷமும் சட்டமன்றத்தில் ஸ்ரீரங்கத்துக்காக ஒரு கேள்வி கேட்க ஆள் இல்லை. அமைச்சராக இருப்பவர் பதில் சொல்லத்தான் முடியும். கேள்வி கேட்க முடியாது. 2014 செப்டம்பரில் அவர் பதவி இழந்தார். 2015 பிப்ரவரி 13 இடைத்தேர்தல் வரை இருந்த எம்.எல்.ஏ.வும் இல்லை. 2021-இல் வந்த பேரவையிலும் இதே கதைதான். மாநகரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் நான்கு தொகுதிகளில் திருச்சி மேற்கின் கே.என். நேருவும் திருவெறும்பூரின் அன்பில் மகேஸ் பொய்யாமொழியும் அமைச்சர்கள் ஆனார்கள். கேள்வி கேட்கக்கூடியவர்களாக மிஞ்சியது மீதி இரண்டு பேர்தான்.

அமைச்சர் தொகுதியில் இருப்பவர் என்ன செய்ய? பக்கத்துத் தொகுதி உறுப்பினரிடம் போகலாம். ஊர்ப் பிரச்சினைக்கு எந்த உறுப்பினர் கேள்வி கேட்டாலும் செல்லும். எதிர்க்கட்சி உறுப்பினரிடமும் கொடுக்கலாம். ஆனால் அவர் கேட்டால் அது கட்சிச் சண்டையாகி நம் விஷயம் பின்னால் போய்விடும் அபாயம் உண்டு. என் அபிப்பிராயம், ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினர்தான் உத்தமம். அவருக்குப் பேச விஷயம் தேவை. அமைச்சருக்கு அவரிடம் கோபிக்கக் காரணம் இல்லை.

கேள்வி, கேள்வி என்கிறேனே, அதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். மக்களவையில் கூட்டம் நடக்கும் ஒவ்வொரு நாளும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, எழுத்து மூலம் பதில் தரும் கேள்விகள் 230 வரை ஏற்கிறார்கள். எழுத்து மூலக் கேள்வியைப் பத்திரிகைகள் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். கேள்வி ஏற்கப்பட்டுவிட்டால் அமைச்சகத்தில் ஒரு அதிகாரி கோப்பை எடுத்தாக வேண்டும். திருச்சி அலுவலகத்துக்கு விவரம் கேட்டுக் கடிதம் வரும், அதற்குத் தேதி குறித்திருக்கும். வழக்கமான மனுவுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. பதில் அச்சாகி, என்றைக்கும் யாரும் படிக்கும் ஆவணமாக நிற்கும்.

இன்னொரு சங்கதி. அமைச்சர் ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று சொன்னால் நாம் சலித்துக்கொள்கிறோம். நாடாளுமன்ற நடைமுறையில் அது ஒரு உறுதிமொழி. உறுதிமொழிகளைக் கவனிக்கவே ஒரு குழு உண்டு. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். நம் சட்டமன்றத்திலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டம் மாவட்டமாக வந்து, இன்ன ஆண்டில் சொன்னீர்களே, என்ன ஆயிற்று என்று அதிகாரிகளைக் கேட்கிறது. எனவே நழுவலான பதில் வந்தால் அதை வெட்டிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கடிதம் அதிலிருந்து தொடங்கட்டும்.

கேள்வியாக எழுதுவதற்கும் ஒரு கைப்பழக்கம் வேண்டும். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை, தஞ்சாவூர் சாலையில் ஏறத்தாழ 14.5 கிலோமீட்டருக்கு அணுகுசாலை இல்லை என்பது பல ஆண்டுப் போராட்டம். ‘அணுகுசாலை அமைத்துத் தர ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்’ என்று எழுதினால் அது மனு. இப்படி எழுதிப் பாருங்கள்: அந்தப் பகுதியில் அணுகுசாலைக்கான நிலமெடுப்பு எந்த நிலையில் உள்ளது? இதுவரை ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? தாமதம் நெடுஞ்சாலை ஆணையத்தாலா, மாநில வருவாய்த் துறையாலா? பணி எப்போது முடியும்? இதை எம்.பி.யின் அலுவலகத்தில் கொடுத்தால் அவருடைய உதவியாளர் எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. கேள்விக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தேதி அறிவித்த வாரமே கொடுத்துவிட வேண்டும். கூட்டம் தொடங்கிய பிறகு கொண்டுபோனால் பாதி வாய்ப்பு போயிற்று.

அணுகுசாலை விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தச் சாலையோரம் குடியிருப்பவர்கள் விபத்துக்குப் பயந்து அணுகுசாலை வேண்டும் என்கிறார்கள். அதே சாலையில் கடை வைத்திருப்பவர்கள், அகலம் கூடினால் கட்டடம் போகும் என்று எதிர்க்கிறார்கள். இரண்டு தரப்பும் நீதிமன்றம் வரை போயின. இப்போது எம்.எல்.ஏ.வின் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். மேசையில் இரண்டு மனு. இரண்டிலும் ஓட்டு. அவர் செய்யக்கூடிய பத்திரமான காரியம், இரண்டையும் வாங்கி, இரண்டுக்கும் தலையாட்டி, எதையும் செய்யாமல் இருப்பது. அவரைக் கோழை என்று திட்டுவதில் பயனில்லை. போவதற்கு முன் எதிர்த்தரப்போடு நாமே உட்கார்ந்து பேசி, எந்த அளவு அகலத்துக்கு இரண்டு பேரும் ஒப்புவோம் என்ற ஒரு எல்லையைக் கொண்டுபோக வேண்டும். முழுசாக ஒப்புதல் கிடைக்காது. கிடைத்த மட்டும் எழுதி, ஒப்பாத இடத்தையும் எழுதினால், அந்த மனுவை அவர் ஒதுக்கி வைப்பது கஷ்டம். இது எவருக்கும் பிடிக்காத யோசனை. மனு கொடுக்கிற கூட்டத்தில் கோஷம் போடும் சுகம் இதில் இல்லை.

மனுவின் வடிவம் பற்றிக் கொஞ்சம். சட்டமன்றத்துக்கு மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. அது ஒரு மாவட்டத்துக்கு வரும்போது ஆட்சியர் செய்திக்குறிப்பு வெளியிடுவார்; பேப்பரில் மூலையில் வரும், யாரும் படிப்பதில்லை. அதில் ஒரு நிபந்தனை: மனு ஒரே ஒரு பிரச்சினையைப் பற்றியதாகவும், ஒரே துறையைச் சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும். வழக்கில் இருக்கும் விஷயம் கூடாது. வேலை கேட்பது, பட்டா கேட்பது கூடாது. எங்கள் அலுவலக அனுபவத்தில் சொல்கிறேன், ஒரே பிரச்சினை, ஒரே துறை என்ற நிபந்தனை எல்லா மனுவுக்கும் பொருந்தும். சாலை, பேருந்து, ரேஷன், மயானம் என்று ஏழு கோரிக்கை வைத்த மனு எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லாமல் சுற்றும். அதேபோல ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்து இருநூறு பேர் கையெழுத்திட்டு இருநூறு தாளாகக் கொடுத்தால், நாங்கள் அதை ஒரு மனுவாகத்தான் கட்டுவோம். பத்துப் பேர் பத்து விதமாக, தன் வீட்டுக்கு நடந்ததை எழுதினால் அது பத்து மனு.

புகழ்ச்சி வேண்டாம். ‘ஏழைகளின் இதயத்துடிப்பே’ என்று ஆரம்பித்து அரைப் பக்கம் போகிறவர்கள் இருக்கிறார்கள். படிக்கிறவர் அந்த அரைப் பக்கத்தைத் தாண்டித்தான் வருவார். பெயர், கதவிலக்கம், தொலைபேசி எண் எழுதுங்கள். கூடவே வாக்காளர் பட்டியலில் உங்கள் பாகம் எண்ணைப் போடுங்கள். இது சட்டத் தேவை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு அரசியல் அலுவலகத்திலும் பாகவாரியாக விழுந்த ஓட்டுக் கணக்கு இருக்கும். பாகம் எண்ணைப் பார்த்ததும் அந்தக் கணக்கு நினைவுக்கு வராத கட்சிக்காரர் கிடையாது.

பணம் என்று வரும்போது ஓர் அளவு தெரிந்து கேளுங்கள். எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ. நிதி 3 கோடி. எம்.பி. பரிந்துரைதான் செய்கிறார், ஒப்புதல் மாவட்ட நிர்வாகத்தினுடையது. 5 கோடியை ஆறு தொகுதிக்குப் பங்கு போட்டால் என்ன வரும்? பள்ளிக்கு வகுப்பறை, நிழற்குடை, ஆழ்துளைக் கிணறு, இவ்வளவுதான். மேம்பாலம் கேட்டு அந்த நிதியிலிருந்து கொடுங்கள் என்று எழுதுகிறவரை அலுவலகத்தில் யாரும் பொருட்படுத்துவதில்லை. 2022 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் 234 உறுப்பினர்களுக்கும் எழுதி, தொகுதியில் தீராமல் கிடக்கும் பத்து முக்கியக் கோரிக்கைகளைப் பதினைந்து நாளில் ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார். பெரிய பணிகளுக்கு அப்படிப்பட்ட வாசல்தான் சரி. அந்தப் பதினைந்து நாளில் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி முடியாது. முன்பே தயாராக ஒரு பக்கம் வைத்திருந்தவர்களின் கோரிக்கைதான் பத்தில் நுழைந்திருக்கும்.

டெல்லியில் ஒரு மசோதா வருகிறது, நம் எம்.பி. அதை எதிர்த்து ஓட்டுப் போட வேண்டும் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் அதற்குப் பலன் இருக்கலாம். இங்கே 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். அவரால் முடியாததைக் கேட்டு, செய்யவில்லை என்று கோபிப்பதில் நியாயமில்லை. மசோதா நிலைக்குழுவுக்குப் போனால், குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் செய்வதுண்டு. அப்போது எழுதுங்கள், எம்.பி.க்கு நகல் வையுங்கள். விவாதத்தில் பேசச் சொல்லுங்கள். பேச்சுக்குக் கொறடா அவ்வளவு கடுமையில்லை.

எழுதினால் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1852-இல் மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் தொடங்கியது. அதன் பின்னால் நின்றவர் கசுலு லட்சுமிநரசு செட்டி என்ற வணிகர். வரி வசூலுக்காகக் குடியானவர்களை அடித்துச் சித்திரவதை செய்கிறார்கள் என்று அந்தச் சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எழுதியது. சென்னை மாகாணத்தில் ஒருவருக்கும் அந்த நாடாளுமன்றத்தில் ஓட்டு இல்லை. ஆனாலும் பூல் என்ற ஊரின் உறுப்பினர் டான்பி செமூர் 1853-இல் கப்பலேறி இங்கே வந்து, செட்டியோடு ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களைக் கேட்டார். திரும்பிப் போய் 1854-இல் மக்களவையில் அதை எழுப்பினார். விசாரணைக் குழு அமைத்தார்கள். 1855-இல் வந்த அறிக்கை சித்திரவதை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செட்டி மனுவை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கேட்கத் தயாராக இருந்த ஒரு உறுப்பினரைக் கண்டுபிடித்து, கண்ணால் பார்க்க வைத்தார். நம் உறுப்பினர் கப்பலேற வேண்டியதில்லை. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து பஸ் ஏறினால் போதும். ஆனாலும் அலுவலகத்துக்கு நாம் போவதைத்தான் வழக்கமாக்கி வைத்திருக்கிறோம். அவரைத் தெருவுக்கு அழைப்பதில்லை.

கடைசியாக, நீங்கள் இவ்வளவு நேரம் பொறுமையாகக் காத்திருந்த விஷயம், அடிமனை, அதாவது வீடுகளுக்கு அடியில் இருக்கும் நிலம். ஸ்ரீரங்கத்தில் ஏறத்தாழ 330 ஏக்கர் அடிமனை கோயிலுடையது என்று கோயில் நிர்வாகம் உரிமை கோருகிறது. தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் விற்கவோ, அடமானம் வைக்கவோ, பிள்ளைகளுக்குப் பத்திரம் எழுதவோ முடியாமல் தவிக்கிறார்கள். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அறநிலையச் சொத்துகளை, உரிய அனுமதி இல்லாமல் கைமாற்றும் பத்திரங்களைப் பதியக் கூடாது என்கிறது. கோயில் சொத்து கைநழுவக் கூடாது என்பதும் நியாயமான கவலை. அதை மறுத்துப் பேசினால் நம் வாதம் பலவீனப்படும். தேர்தல் தோறும் எல்லாக் கட்சி வேட்பாளரும் இந்தத் தெருக்களில் வந்து தீர்த்து வைப்பதாகச் சொல்லியாகிவிட்டது. இதை எம்.பி.யிடம் கொடுத்துப் பயன் குறைவு. அறநிலையத் துறையும் பதிவுத் துறையும் மாநில அரசிடம் இருக்கின்றன. வழக்கில் இருக்கும் சொத்துக்கு மனுக்கள் குழுவும் உதவாது.

நான் சொல்வது இதுதான். ‘அடிமனைப் பிரச்சினையைத் தீருங்கள்’ என்று இனி யாரும் எழுத வேண்டாம். அதைத் துண்டுகளாக்குங்கள். அந்த 330 ஏக்கரில் எந்தெந்தப் புல எண்களுக்குக் கோயில் பெயரில் மூல ஆவணம் இருக்கிறது? எவற்றுக்கு நகர நில அளவைப் பதிவேடு மட்டுமே ஆதாரம்? எத்தனை மனைகள் வழக்கில் இருக்கின்றன, எத்தனை மனைகளுக்கு எந்த வழக்கும் இல்லை? வழக்கில்லாத மனைகளுக்கு ஆட்சேபமில்லாச் சான்று தர அறநிலையத் துறை என்ன நடைமுறை வைத்திருக்கிறது? முதல் மூன்றும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம், முப்பது நாள் கெடு. நான்காவதை அமைச்சர் வாயால் பேரவையில் சொல்ல வைக்க வேண்டும்; அதை உறுப்பினர் மட்டுமே செய்ய முடியும்.

இந்த நான்கு கேள்விகளையும் ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து வாசலில் மேசை மேல் வைத்திருக்கிறேன். அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் மனையின் புல எண், பத்திரம் எந்த வருஷத்தது, சார்பதிவாளர் அலுவலகம் எந்தத் தேதியில் என்ன காரணம் சொல்லித் திருப்பியது என்பதை உங்கள் கையாலேயே கீழே சேருங்கள். அறநிலையத் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முந்தைய மாதம் அது எம்.எல்.ஏ. கையில் இருக்க வேண்டும். ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். சால்வை வேண்டாம்.